வத்தல்மலைக்கு குடும்பத்தோடு போறீங்களா? என்னென்ன பார்க்கலாம், குரங்குக்கு ஏன் பிஸ்கட் போடக் கூடாது? முழு விவரம்

வத்தல்மலைக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் "அங்க என்ன பார்த்தீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று கொண்டை ஊசி வளைவு, இன்னொன்று பனிமூட்டம். கூடவே குரங்குக்கு பிஸ்கட் கொடுத்த ஒரு வீடியோவும் செல்போனில் இருக்கும்.

சிலர் "அங்க ஒண்ணுமே இல்லைங்க, ஒரு வியூ பாயின்ட், அவ்ளோதான்" என்பார்கள். புலி, யானை, பெரிய அருவி என்று தேடிப் போனால் அப்படித்தான் தோன்றும். ஆனால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த மலையில் பார்க்க நிறைய இருக்கிறது. அவை பெரும்பாலும் சின்னச் சின்ன உயிர்கள் என்பதால், வண்டியை விட்டு இறங்கி கொஞ்ச நேரம் நின்றால்தான் கண்ணில் படும்.

எங்கே நிற்கலாம், எதைப் பார்க்கலாம், எதைச் செய்யவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வத்தல்மலை எங்கே இருக்கிறது?

தருமபுரி நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்த மலை, கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கும் மேல் உயரம் கொண்டது. அடிவாரத்தில் இருந்து இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மேலே போய்விடலாம்.

மலை மேலே பெரியூர், பால்சிலம்பு, ஒன்றிக்காடு, சின்னாங்காடு என சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றன. இங்கே வசிப்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளி என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்தவர்கள். "அப்போ கேரளாக்காரங்களா?" என்று பலர் கேட்பார்கள். இல்லை. இவர்கள் பேசுவது தமிழ். மலையில் வாழ்பவர்கள் என்பதால் வந்த பெயர் இது. சாமை, ராகி, காபி, மிளகு ஆகியவை இவர்களது முக்கியப் பயிர்கள்.

இந்த ஊர்களுக்கு அரசுப் பேருந்து வந்ததே சில ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கு முன்பு நடந்தோ, வாடகை ஜீப்பிலோதான் மக்கள் மேலும் கீழும் போய் வந்தார்கள். அதனால் இதை வெறும் டூரிஸ்ட் ஸ்பாட் என்று நினைத்துப் போகாதீர்கள். நாம் போவது ஒரு ஊருக்கு. நாம் வண்டியை நிறுத்தும் இடம் ஒருவருடைய காட்டு வரப்பாக இருக்கலாம்.

எப்போது போனால் நல்லது?

செப்டம்பர் முதல் ஜனவரி வரை மலை பச்சையாக இருக்கும். மழைக்குப் பிறகு பூச்சிகள் அதிகம். பூச்சிகள் இருந்தால் பறவைகளும் வரும். மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்தால் சில நாட்களில் காபிச் செடிகள் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை போல வாசம் வரும். பூ ஒன்றிரண்டு நாட்களிலேயே வாடிவிடும் என்பதால் இதைப் பார்ப்பதற்கு அதிர்ஷ்டமும் வேண்டும்.

நேரம்தான் முக்கியம். காலை 6 மணியில் இருந்து 9 மணி வரையிலும், மாலை 4 மணிக்குப் பிறகும்தான் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். பதினொரு மணிக்கு மேலே ஏறி, ஒரு மணி வெயிலில் நின்று "எதுவுமே காணோம்" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. அதே நேரம், இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். இரவில் விலங்குகள் சாலையைக் கடக்கும். வளைவில் அவை தெரியாது.

அடிவாரத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம்

கீழே வயல் ஓரத்து மின்கம்பிகளைப் பாருங்கள். கரிய நிறத்தில், வால் இரண்டாகப் பிரிந்து ஒரு குருவி உட்கார்ந்திருக்கும். ஊரில் இரட்டைவால் குருவி என்பார்கள். கரிச்சான் என்றும் பெயர். தன் கூட்டுப் பக்கம் பருந்து வந்தால், அளவில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய அந்தப் பருந்தையே துரத்திக்கொண்டு பறக்கும். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால், கம்பியை விட்டு கண்ணை எடுக்க மாட்டார்கள்.

அதே கம்பியில் பனங்காடையும் இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பழுப்பு நிறம். பறக்கும்போது சிறகு விரிந்தால் பளீரென்று நீலம். "அது பறக்கும் வரைக்கும் வெயிட் பண்ணு" என்று சொல்லுங்கள். காத்திருந்து பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு இங்கேயே தொடங்கிவிடும்.

பெரிய பாறைகள் இருக்கும் இடத்தில் பாறை ஓணான் இருக்கும். இனப்பெருக்க காலத்தில் ஆண் ஓணானின் முதுகு சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். பாறை உச்சியில் நின்று தண்டால் எடுப்பது போல உடம்பை மேலும் கீழும் ஆட்டும். அது "இது என் இடம்" என்று மற்ற ஆண்களுக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. கல் எறிந்து விளையாட வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மேலே ஏறும்போது என்ன மாறுகிறது?

ஒரு சின்ன விளையாட்டு. கீழே இருந்து மேலே போகப் போக, கொண்டைக்குருவிகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். இவற்றைச் சின்னான் என்றும் சொல்வார்கள். சமவெளியில் அதிகம் தெரிவது தலை கறுத்து, வாலுக்கு அடியில் சிவப்பு உள்ள செங்குதச் சின்னான். மலை ஏறினால், கூரான கொண்டையும் கன்னத்தில் சிவப்புப் பொட்டும் கொண்ட செம்மீசைச் சின்னான் கண்ணில் படத் தொடங்கும். எந்த வளைவில் முதல் சிவப்புக் கன்னம் தெரிந்தது என்று பிள்ளைகள் எழுதி வைத்தால், உயரம் மாறினால் உயிர்களும் மாறும் என்ற பாடத்தை அவர்களே கண்டுபிடித்தது போல இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாதவற்றைக் காதால் பிடிக்கலாம்.

• "டொக்... டொக்... டொக்..." என்று செம்பைத் தட்டுவது போல இடைவிடாமல் கேட்டால் அது குக்குறுவான்.
• புதருக்குள் இருந்து "ஊப்... ஊப்... ஊப்..." என்று ஆழமான குரல் வந்தால் அது செம்போத்து. செண்பகம் என்றும் சொல்வார்கள்.
• ஏழெட்டு பேர் ஒன்றாகச் சண்டை போடுவது போல கீச்சுச் சத்தம் வந்தால், தவிட்டுக்குருவிக் கூட்டம்.
• அதிகாலையில் சேவல் குரல் போல, ஆனால் பாதியில் உடைந்த மாதிரி கேட்டால் காட்டுக்கோழியாக இருக்கலாம்.

இதற்கு வேண்டியதெல்லாம் கார் பாட்டை நிறுத்துவதுதான்.

காபித் தோட்டத்தின் ஓரம் நின்றால்...

காபி நிழலில் வளரும் செடி. அதனால் தோட்டத்தில் மரங்களை விட்டு வைத்திருப்பார்கள். நேராக வளர்ந்து, மிளகுக் கொடி ஏறியிருக்கும் மரம் பெரும்பாலும் சில்வர் ஓக். இதன் பூர்வீகம் ஆஸ்திரேலியா. இதோடு அத்தி, நாவல், பலா போன்ற நம்மூர் மரங்களும் நிற்கும் தோட்டத்தில் பறவைகள் அதிகமாக இருக்கும். அவற்றுக்குப் பழம் தருபவை அந்த மரங்கள்தான். இரண்டு வகை மரத்தின் கீழும் ஐந்து ஐந்து நிமிடம் நின்று, எதில் அதிகப் பறவைகள் வந்தன என்று எண்ணிப் பார்க்கலாம்.

இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து போல மரக்கிளையில் தெரிந்தால், அது முசுறு எறும்பின் கூடு. வேலைக்கார எறும்புகள் இலைகளை இழுத்துப் பிடிக்கும். இன்னும் சில, தங்கள் கூட்டத்துப் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வரும். அந்தப் புழு விடும் பட்டு நூல்தான் இலைகளை ஒட்டும் பசை. தொடாமல் பாருங்கள். கடித்தால் நல்ல எரிச்சல்.

மழைக்காலம் முடிந்த பிறகு மரங்களுக்கு நடுவே பெரிய வலை கட்டிய சிலந்திகள் தெரியலாம். நடுவில் கை அகலத்துக்கு உட்கார்ந்திருப்பது பெண். அதே வலையின் ஓரத்தில் பொடிசாக ஒன்று இருந்தால், குட்டி என்று நினைக்க வேண்டாம். அதுதான் ஆண் சிலந்தி.

தோட்டத்துக்குள் போக வேண்டுமென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். அதோடு, எந்த மரத்தில் எப்போது எது வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த ஆப்புக்கும் தெரியாது. அங்கேயே விளைந்த மிளகோ காபிக் கொட்டையோ சாமையோ கிடைத்தால் வாங்கி வாருங்கள்.

வண்ணத்துப்பூச்சிகள் ஊர் மாறுவது தெரியுமா?

பறவைகள் மட்டும்தான் வலசை போகும் என்று நினைத்திருப்போம். தென்னிந்தியாவில் வண்ணத்துப்பூச்சிகளும் போகின்றன. நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்ற வகைகள், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து கிழக்கே வருகின்றன. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மறுபடி மேற்கு நோக்கித் திரும்புகின்றன. ஒரே திசையில் அடுத்தடுத்து பல பூச்சிகள் பறப்பதைப் பார்த்தால், எந்தத் திசை, ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஆய்வாளர்களுக்கும் பயன்படும் தகவல்.

நம் மாநிலத்துக்கே ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு. 2019-ல் அறிவிக்கப்பட்ட அதன் பெயர் தமிழ் மறவன். மாநிலப் பறவை மரகதப்புறா. மாநில மலர் செங்காந்தள். இந்தச் செங்காந்தள் மழைக்காலத்தில் வேலி ஓரங்களில் தீ பற்றியது போல பூத்திருக்கும். அழகாக இருந்தாலும் கிழங்கு முதல் பூ வரை எல்லாமே விஷம். சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது குரங்கு விஷயத்துக்கு வருவோம்

மலைப்பாதை என்றாலே நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது குரங்குதான். தலையில் முடி வட்டமாகப் பிரிந்து குல்லா போட்டது போல இருப்பதால் இதைக் குல்லாய்க் குரங்கு என்றும், நாட்டுக் குரங்கு என்றும் சொல்கிறோம். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக இல்லை.

"அதான் எங்க பார்த்தாலும் இருக்கே" என்று தோன்றும். உண்மை வேறு. மைசூரு பகுதிச் சாலையோரங்களில் 25 ஆண்டு இடைவெளியில் எடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. குரங்குகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போயிருந்தது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் இப்போது இதை அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஒரு பிஸ்கட் போட்டால் என்ன ஆகிவிடும்?

காரில் போகிற நமக்கு அது ஒரு பிஸ்கட்தான். குரங்குக்கு அது ஒரு பாடம். வண்டி நின்றால் சாப்பாடு வரும் என்று அது கற்றுக்கொள்கிறது. அதன் பிறகு நடப்பவை இவை.

• காட்டில் பழமும் இலையும் பூச்சியும் தேடிய கூட்டம், சாலை ஓரத்திலேயே நாள் முழுக்க உட்கார ஆரம்பிக்கிறது. வளைவில் திரும்பும் வண்டிகளில் அடிபட்டுச் சாகிறது.
• பழம் தின்று விதைகளைக் காடு முழுக்கப் பரப்பும் வேலை குறைகிறது. அந்த விதைகளில் இருந்து வர வேண்டிய மரங்களும் குறைகின்றன.
• கொடுத்துப் பழகிய குரங்கு, கொடுக்காவிட்டால் பிடுங்கும். அடுத்து வரும் வண்டியில் இருக்கும் குழந்தையின் கையில் உள்ள சிப்ஸ் பாக்கெட்டைத்தான் முதலில் குறிவைக்கும்.
• நாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவோம். திங்கட்கிழமை காலையில் வண்டி வராது. மனிதனைக் கண்டு பயம் விட்டுப்போன அந்தக் கூட்டம், மலை ஊர்களின் வீட்டுக் கூரையிலும் விளைந்து நிற்கும் காட்டிலும் இறங்கும். நம் பிஸ்கட்டுக்கு விலை கொடுப்பது அந்த விவசாயி.

"பிடிச்சுட்டுப் போய் வேற காட்டுல விடலாமே?" என்று கேட்கலாம். பழகிய குரங்கை வேறு இடத்தில் விட்டால், அது அங்கேயும் ஊரையும் சாலையையும்தான் தேடும். பிரச்சனை இடம் மாறுமே தவிர தீராது.

"அனுமாருக்குக் கொடுக்கிற மாதிரிதானே, புண்ணியம்தானே?" என்பது பல வீடுகளில் பாட்டிகள் கேட்கும் கேள்வி. அவர்களோடு வாதம் செய்ய வேண்டியதில்லை. "பாட்டி, இங்க போட்டா அது ரோட்டுக்கு வந்து அடிபடும், அந்தப் பாவம் நமக்கு வேணாம்" என்று பேரப்பிள்ளையே சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். காட்டுக் குரங்குக்குச் செய்யும் நல்லது, அதைக் காட்டிலேயே விட்டுவிடுவது.

குரங்கு கிட்டே வந்தால்?

சாப்பாட்டை வெளியே காட்டாதீர்கள். கார் கண்ணாடியை ஏற்றுங்கள். கண்ணை நேருக்கு நேர் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். இரண்டையும் அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளக் கூடும். ஓட வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பின்னால் நகருங்கள். கையில் இருக்கும் பொருளைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள்.

கடித்தாலோ நகம் பட்டாலோ, சோப்பும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரேபிஸ் நாய்க்கடியால் மட்டும் வருவதில்லை. சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது துப்பாக்கியால் சுடுவது மட்டும் இல்லை. பாதுகாக்கப்பட்ட உயிர்களைப் பிடிப்பது, பொறி வைப்பது, பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பது எல்லாமே அதில் அடங்கும். "அழகா இருக்கே" என்று கூட்டை எடுத்து வருவதும் தப்பு. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் தப்பு.

மலைச்சாலையை ஒட்டியுள்ள காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். பிப்ரவரி முதல் மே வரை புல்லும் உண்ணிச்செடியும் காய்ந்து கிடக்கும். அணைக்காத ஒரு சிகரெட் போதும், மலைச்சரிவே எரியும். ஆகவே அடுப்பு மூட்டி சமைக்கும் பிளான் வேண்டாம். வீட்டில் இருந்தே புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போங்கள்.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. எடுத்துப்போன குப்பையைத் திரும்ப எடுத்து வர ஒரு பை வண்டியில் இருக்கட்டும். உணவு ஒட்டிய கவரும் குரங்குக்குப் போட்ட சாப்பாடு மாதிரிதான்.

என்னென்ன எடுத்துப் போகலாம்?

• ஒரு சின்ன நோட்டு, பென்சில். போட்டோ எடுப்பதைவிட வரைந்தால் பிள்ளைகள் கூர்ந்து பார்ப்பார்கள்.
• பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.
• பறவைக் குரலைக் கேட்டு அடையாளம் சொல்லும் மெர்லின் ஆப். மலையில் சிக்னலை நம்ப முடியாது. தேவையான ஃபைலை வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.
• தண்ணீர், தொப்பி, மூடிய செருப்பு அல்லது ஷூ. புல்லுக்குள் கால் வைக்கும் முன் பார்த்து வையுங்கள்.
• பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போவது ஒன்றே வழி.

வண்டி ஓட்டுபவருக்கு இரண்டே விஷயம். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது நியூட்ரலில் விடாமல், ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.

15 நிமிட விளையாட்டு

மேலே போனதும் பாதுகாப்பான ஓர் இடத்தில் எல்லோரும் உட்காருங்கள். போன் பைக்குள். 15 நிமிடத்துக்கு யாரும் பேசக் கூடாது. பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் ஆளுக்கொரு பட்டியலாக எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் "மஞ்சள் வயிறு, நீண்ட மூக்கு, பூவில் தேன் குடித்தது" என்று எழுதினால் போதும். அது தேன்சிட்டு என்று பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். முடிந்ததும் பட்டியல்களை ஒப்பிடுங்கள். பெரும்பாலும் தாத்தாவுக்கும் கடைக்குட்டிக்கும்தான் போட்டி இருக்கும்.

முதல் ஐந்து நிமிடம் எதுவும் நடக்காது. நாம் அசையாமல் இருப்பது பழகிய பிறகுதான் புதருக்குள் இருப்பவை வெளியே வரும். பொறுமை இழக்காமல் இருக்கச் சொல்லி வையுங்கள்.

இதே மாவட்டத்தில் வேறு எங்கே?

காவிரிக் கரையில் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒகேனக்கல் பக்கம் இருக்கிறது. அங்கே நீர்நாய், முதலை, நீர்ப்பறவைகள் என்று வேறொரு உலகம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2022 நவம்பரில் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இது யானைகள் நடமாடும் பகுதி. வனத்துறை அனுமதித்த இடங்களைத் தாண்டி குடும்பத்தோடு போவது ஆபத்து.

வீட்டுக்கு வந்த பிறகு?

மலையில் பழகிய கண்ணுக்கு வீட்டைச் சுற்றியும் வேலை இருக்கிறது. எருக்கஞ்செடி இலையைத் திருப்பிப் பார்த்தால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கலாம். கறிவேப்பிலைச் செடியைக் கடித்து வைத்த பச்சைப் புழுவும் சில நாட்களில் வண்ணத்துப்பூச்சி ஆகக்கூடியதுதான். மருந்து அடிக்கும் முன் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

பிள்ளைகளின் பட்டியலை உருப்படியாகப் பயன்படுத்தவும் வழி உண்டு. தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. நிபுணராக இருக்க வேண்டியதில்லை. இருக்கும் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்தால் போதும். மொட்டை மாடியில் பார்த்த காக்காவும் மைனாவும் கூட கணக்கில் சேரும்.

பொங்கலுக்கு சொந்தக்காரர்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். வத்தல்மலையில் விளையாடிய அதே 15 நிமிட விளையாட்டுதான். கரும்பு கடித்துக்கொண்டே எண்ணலாம்.